ரெஞ்சு 'டிக்' என்றது

"எனக்க வண்டி வெள்ளம் குடிக்குது நேசையா"
என்று வந்து நின்றாள் லில்லிபாய்.
ஜீப்பின் பின்னால் ஒட்டுப்பால் நாற்றம்,
முன்சீட்டில் மூன்று பிளாஸ்டிக் குப்பி.
குலசேகரத்திலிருந்து பேச்சிப்பாறை போக ஒன்று,
ஷீட்டு ஏற்றித் திரும்ப ஒன்றரை.
எடை எழுதும் நோட்டின் கடைசிப் பக்கத்தில்
தேதி போட்டு எழுதிவைத்திருக்கிறாள்.

புது பிஸ்டன், புது லைனர் போட்டு
எஞ்சினை நான் ஏற்றிக்கொடுத்து
இருபத்திரண்டு நாள்கூட ஆகவில்லை.

முதலில் ரேடியேட்டர் மூடியைக் குற்றம் சொன்னேன்.
பிறகு ஹோஸ் கிளிப்பை.
பிறகு, அவள் சாயா குடிக்கப் போன நேரத்தில்,
வாட்டர் பம்பை.
நம் கை படாத சாமான்மேல்தான்
சந்தேகம் முதலில் போகிறது.

மறுநாள் காலை, எஞ்சின் ஆறிக் கிடக்கையில்
மூடியைத் திறந்துவைத்து ஸ்டார்ட் செய்தேன்.
குமிழ்.
விரால் மேலே வந்து மூச்செடுப்பதுபோல்
ஒன்று, விட்டு ஒன்று.
இஞ்செக்டர் பைப்பின் நட்டுகளை ஒவ்வொன்றாய்த் தளர்த்தி முறுக்கினேன்.
ஒன்றாவதில் குமிழ்.
இரண்டிலும் மூன்றிலும் குமிழ்.
நாலாவதைத் தளர்த்தியதும்
டீசல் மணிக்கட்டில் சீறியது;
ரேடியேட்டர் வாயில் வெள்ளம் அடங்கியது.
"அப்ப நாலாவதா" என்றாள் பின்னாலிருந்து.
அவளும் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறாள்.

ஹெட்டைத் தூக்கும் முன்பே
மார்த்தாண்டம் லேத்துக்கு போன் போட்டு
ராபின்சனைத் திட்டினேன்:
முகம் சீவாமலே பில் போட்டியாடே என்று.
"ஸ்கேல் வச்சுப் பாத்துட்டுப் பேசும்" என்று வைத்துவிட்டான்.

ஸ்கேல் வைத்தேன்.
நெடுக்கே, குறுக்கே, மூலைக்கு மூலை.
ஃபீலரின் ஆக மெல்லிய தகடு
எங்கேயும் நுழையவில்லை.
லைனர் நாலும் ஒரே உயரம்.
கேஸ்கெட்டில் மட்டும்
நாலாவது சிலிண்டரிலிருந்து வெள்ளம் போகும் துளைவரை
பேனா ஓடியதுபோல் ஒரு கரிக்கோடு.

கழற்றிய போல்ட்டுகள் அட்டையில் வரிசையாய் நின்றன.
எல்லாவற்றின் வாஷரிலும் இறுகிய வளையம் மின்னியது.
பின்மூலைப் போல்ட்டின் வாஷர்
கடையில் வாங்கிய மாதிரியே இருந்தது.
நுனியில் துருச்சேறு.

எடவப்பாதி மழை.
ஷெட்டுத் தகரத்தில் ஆணி கழன்ற துளை.
பிளாக்கின்மேல் நான் போர்த்திய சாக்கு
அந்த மூலைக்கு எட்டவில்லை.
காலையில் கரண்டு இல்லை, கம்ப்ரசர் ஓடவில்லை.
துணி திரித்து ஒவ்வொரு துளையாய்த் துடைத்தேன்.
ஒவ்வொரு துளையாய் என்றுதான்
இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன்.

அடி அடைத்த துளை அது.
வெள்ளம் நசுங்காது.
போல்ட் வெள்ளத்தின் தலையில் ஏறி நின்றது,
ஹெட்டின் தலையில் அல்ல.
ரெஞ்சு சொன்ன நம்பரில் சரியாக 'டிக்' என்றது.
அது பொய் சொல்லவில்லை.
எவ்வளவு முறுக்கினாய் என்றுதான் அதற்குத் தெரியும்,
எதை முறுக்கினாய் என்று தெரியாது.

டூப்ளிகேட் கேஸ்கெட், கம்பெனிக்காரன் ஏமாத்திட்டான்:
வாக்கியம் நாக்கில் தயாராக இருந்தது.
அதற்குள் அவள் போன் டார்ச்சை
துளைக்குள் அடித்துக் குனிந்தாள்.
"உள்ள சேறு கெடக்கே."
"ஆமா" என்றேன். "எனக்க தப்பு."
"கேஸ்கெட்டுக்க பைசா?"
"எனக்க பைசா."
"ராபின்சனுக்கு விளிச்சு சொல்லும்."
அதற்குத்தான் அன்று சாயங்காலம்வரை பிடித்தது.

காற்றடித்து, கம்பி விட்டு, மறுபடி காற்றடித்து,
நடுவிலிருந்து வெளியே, மூன்று சுற்று.
ஒவ்வொரு 'டிக்'குக்கும் அவள் நோட்டில் கோடு போட்டாள்.
கடைசி மூலையில் ரெஞ்சு சொன்ன பிறகும்
நான் கொஞ்ச நேரம் கையை எடுக்கவில்லை.

இப்போது பத்து நாள்.
நேற்று ஹாரன் அடித்துக்கொண்டு கடந்துபோனாள்,
ஷீட்டு கூரைவரை.
வெள்ளப் பேச்சு இல்லை.
முன்சீட்டில் மூன்று குப்பியும்
அப்படியே இருந்தன,
கழுத்துவரை நிறைந்து.